கணுக்கால் அளவு தண்ணீர்

ஆனி மாதத்து வெயிலில் ஒருநாள் குச்சவெளிப் பக்கம் ஓர் உப்பளத்துக்குப் போயிருந்தேன். பாத்திகளுக்கு நடுவே போகும் வரம்பில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த அக்கா திடீரென்று நின்று, கையைப் பின்னுக்கு நீட்டி என்னை மறித்தார்.

"தம்பி, பாத்துக் கால வையுங்கோ. முட்டை கிடக்கு."

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் தெரிந்தது. சேற்று நிறத்தில், கருப்புத் திட்டுகளோடு 4 முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மண்ணில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றி சிப்பித் துண்டுகளும் காய்ந்த பாசியும். பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் பழைய சேலைக் கரைத் துண்டு கட்டியிருந்தது. "வண்டில் தள்ளுற பெடியள் கவனிக்காமல் ஏத்திப்போடுவாங்கள். அதுதான் அடையாளம் வச்சிருக்கன்" என்றார்.

தலைக்கு மேலே இரண்டு பறவைகள் கத்திக்கொண்டு வட்டமிட்டன. பென்சில் போல மெலிந்த, நீண்ட சிவப்புக் கால்கள். பவளக்கால் உள்ளான். நாங்கள் தள்ளிப் போய் நின்றதும் அவற்றில் ஒன்று அடுத்த பாத்தியில் இறங்கியது. தண்ணீரில் குந்தி வயிற்றை நனைத்துக்கொண்டது. பிறகு விறுவிறு என்று நடந்து வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அந்த வெயிலில் முட்டைக்குச் சூடு கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. அவிந்துபோகாமல் குளிர வைப்பதுதான் வேலை. இப்படி நனைந்து நனைந்து 25 நாள் அளவில் அடைகாக்க வேண்டும்.

அந்தக் கம்பை நடச் சொல்லி யாரும் அவருக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை. ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் பறவைகளுக்கு என்று நடந்திருக்கும் காரியங்களில் அதையும் ஒன்றாக எண்ணத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காகிதத்தைப் பார்த்தால் இந்த மாவட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1937ஆம் ஆண்டிலேயே நாட்டில் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. வடக்கு எல்லையில், முல்லைத்தீவோடு பங்கு போடும் கொக்கிளாய்க் களப்பு 1951இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பெயரிலேயே கொக்கு இருக்கிற ஊர். 1963இல் துறைமுகத்துக்குள் கிடக்கும் பெரிய, சின்ன சோபர் தீவுகளும், சீனக்குடாவிலிருந்து கந்தளாய்ப் பக்கம் விரியும் கடற்படை நீரேந்து பகுதியும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவும் அடுத்தடுத்துச் சரணாலயங்கள் ஆயின. 1970இல் சேருவில–அல்லைச் சரணாலயம் வந்தது. 1986இல் மகாவலியின் வெள்ளச் சமவெளியில், பொலன்னறுவையோடு சேர்ந்து சோமாவதி தேசியப் பூங்கா. 2003இல் புறாத்தீவும் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இவ்வளவு இருந்தும், ஈரநிலங்களுக்கான ராம்சார் சாசனத்தின் பட்டியலில் இலங்கை 1990இல் புந்தலையில் தொடங்கி 2013இல் வில்பத்து வரை சேர்த்த 6 இடங்களில் திருகோணமலையிலிருந்து ஒன்றுகூட இல்லை. மன்னாரின் வங்காலை இருக்கிறது, ஆனைவிழுந்தான் இருக்கிறது. நாட்டின் மிக நீண்ட ஆறு 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலில் கலக்கும் கொட்டியாரக்குடா இல்லை.

பட்டியலில் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. எனக்குள்ள கேள்வி வேறு. வரைபடத்தில் பச்சை நிறம் பூசிய துண்டுகளுக்குள் பறவைகள் எவ்வளவு காலம் இருக்கின்றன?

கொசு உள்ளானை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும். நிறை 30 கிராம் அளவு. வடதுருவத்தை ஒட்டிய துந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, வெயில் குறையக் குறையத் தெற்கே புறப்பட்டு, ஓகஸ்ட் கடைசியில் இருந்து நமது களப்பு ஓரங்களில் இறங்கும். அதன் கால் 2, 3 சென்ரிமீற்றர்தான். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் அதற்கு அங்கே வேலை இல்லை. தண்ணீர் முழுக்க வற்றிச் சேறு இறுகினாலும் அலகு இறங்காது, புழு கிடைக்காது. பவளக்கால் உள்ளானுக்குக் கொஞ்சம் தாராளம், ஒரு சாண் வரை நின்று சமாளிக்கும். கருவால் மூக்கனுக்கு முழங்கால் அளவு, அதுவும் அதன் முழங்கால். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் ஊசிவால் வாத்துக்கு ஒரு அடித் தண்ணீர் போதும், இரண்டு அடி ஆனால் கழுத்து எட்டாது. மனிதக் கணக்கில் சொன்னால், வலசை வரும் கரைப்பறவைகளில் பெரும்பாலானவற்றின் வாழ்க்கை நம்முடைய கணுக்காலுக்குக் கீழே நடக்கிறது.

இந்தக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓர் இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். மாவட்டத்துக்கு மழையின் பெரும் பங்கு ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான். ஒக்ரோபரில் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் பெரும்போகத்துக்கு வயலை உழுது, சேறடித்து, தண்ணீர் கட்டும்போது அந்த அளவான தண்ணீர் வயலில் இருக்கிறது. உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகளும் உள்ளான்களும் வரிசை கட்டுவதை யாரும் பார்க்கலாம். நெல் வளர்ந்து மூடும்போது அவை வயலை விடும். அப்போது வெள்ளம் ஏறிக் களப்புகள் நிறைந்து கிடக்கும், கரைப்பறவைக்கு அங்கேயும் ஆழம். மழை விலகும் மாசி, பங்குனியில் களப்புத் தண்ணீர் மெல்ல இறங்கி, நாளுக்கு நாள் ஒரு முழம் புதுச் சேற்றைத் திறந்துவிடும். ஏப்ரலில் திரும்பிப் பறப்பதற்கு உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டிய பறவைக்கு அதுதான் விருந்து. கோடையில் களப்பு காய்ந்தால் எஞ்சுவது குளங்களின் அலைகரையும் உப்பளமும். ஆக, அந்தத் தண்ணீர் வருடம் முழுக்க மாவட்டத்தைச் சுற்றி நடக்கிறது. பறவை அதன் பின்னால் போகிறது. எந்தச் சரணாலயத்தின் எல்லைக் கல்லும் அதோடு நடந்து போவதில்லை.

வயலில் அது விவசாயியின் கையில். குளத்தில் துருசு திறப்பவர் கையில். களப்பில் மீனவர் கையில். பாத்தியில் உப்பளத்து அக்காவின் கையில். வாழிட முகாமை என்று அறிக்கைகளில் எழுதுவதை, எங்கள் பக்கத்தில் நடைமுறையில் செய்பவர்கள் இவர்கள்தான். அதற்காகச் சம்பளம் வாங்காமல், அந்தப் பெயரும் தெரியாமல்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். அரச அதிகாரிகள், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை ஆட்கள், வட்டவிதானைமார், விவசாயிகள் எல்லோரும் ஒரு மண்டபத்தில் கூடி, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, வயலில் இருந்து மாடுகளை எப்போது அகற்றுவது என்று முடிவெடுப்பார்கள். சத்தமும் சண்டையும் இருக்கும், தேநீர் வரும், கடைசியில் திகதிகள் எழுதப்படும். நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரை மாவட்டத்தின் மிக முக்கியமான கூட்டம் அதுதான் என்று நான் சொல்வேன். அங்கே பறவை என்ற சொல் வருவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: பயிர் அழிவு.

அந்த முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலும் இல்லை. வீசி விதைத்த ஈர வயலில் இரவில் தாராக் கூட்டம் இறங்கினால் விடியும்போது வெறும் சேறுதான் மிஞ்சும். மறுபடி விதைக்க விதைநெல்லுக்குக் காசு, கூலிக்குக் காசு. கதிர் பால் பிடிக்கும்போது சில்லையும் கிளியும் வரும். நீர்ப்பூக்கள் நிறைந்த குளத்தில் வாழும் நீலக் கோழிகள் பக்கத்து வயலில் ஏறி நாற்றை மிதித்துப் போடும். பட்டாசு கொளுத்துவது, தகரம் தட்டுவது, பளபளக்கும் நாடா கட்டுவது எல்லாம் விவசாயி தன் கைக்காசில் செய்வது. இதைக் கணக்கில் எடுக்காமல் "பறவைகளை நேசியுங்கள்" என்று பதாகை கட்டிவிட்டுப் போனால் அவர் சிரிப்பார். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2021இல் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே உத்தரவில் நிறுத்திவிட்டு, சில மாதத்தில் அதையே திரும்பப் பெற்ற கதையை இந்த விவசாயிகள் தங்கள் வயிற்றால் அனுபவித்தவர்கள். சூழலுக்கு நல்லது என்று மேலிருந்து வரும் எந்தச் சொல்லையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஜப்பானில் டொயூக்கா என்று நெல் விளையும் ஊர் ஒன்று இருக்கிறது. அந்த நாட்டில் காட்டில் வாழ்ந்த கடைசிப் பெருநாரை 1971இல் அங்கேதான் செத்தது. வயலில் அடித்த மருந்து, தவளையும் மீனும் இல்லாமல் போன வாய்க்கால்கள், வெட்டப்பட்ட மரங்கள் எல்லாம் காரணம். கூண்டில் வளர்த்த நாரைகளை 2005இல் அங்கே வெளியே விட்டார்கள். விடுவதற்கு முன்னால் வயலைத் தயார் செய்தார்கள் என்பதுதான் விஷயம். குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் நிற்க விட்டார்கள். நடுவில் வயலைக் காயவிடும் நாளை, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துத் தவளையாகும் வரை தள்ளிப் போட்டார்கள். மருந்தைக் குறைத்தார்கள் அல்லது விட்டார்கள். அந்த நெல்லை நாரையின் பெயரிலேயே கூடுதல் விலைக்கு விற்றார்கள். விளைச்சலில் விழுந்த துண்டை விலை ஈடுகட்டியது. ஒரு திகதியைத் தள்ளிப்போட்டது, ஒரு விலையைக் கூட்டியது. இரண்டும் ஆரம்பக் கூட்டத்தில் பேசக்கூடிய விஷயங்கள்தான்.

நமது பக்கத்தில் அப்படியே பொருந்தும் என்று இல்லை. எங்களுக்குச் சிறுபோகத்துக்கே குளத்தில் தண்ணீர் போதாத வருடங்கள் உண்டு. பறவைக்காகத் துருசைத் திறந்து வைப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் அறுவடைக்குப் பிறகு தானாக நிற்கும் மழைத் தண்ணீரை வரம்பு வெட்டி அவசரமாக இறக்காமல் விடுவதற்குச் செலவு இல்லை. அரிதாளை எரிக்காமல் ஊறவிட்டால் மண்ணுக்கும் நல்லது, அதில் பிடிக்கும் புழுவும் பூச்சியும் உள்ளானுக்கும் நல்லது. குறுணை மருந்தை வரம்பில் சிந்தாமல் போடுவது இன்னொன்று. நெல்மணி என்று நினைத்துப் பறவை அதைப் பொறுக்கும்.

மாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிண்ணியா, மூதூர் எருமைத் தயிர் சாப்பிடாமல் திருகோணமலைக்கு வந்து போனவர் இருக்க மாட்டார். அந்த எருமைகள் வருடத்தில் பாதி நாள் மேய்வது வெருகல் பக்கத்தில் வில்லு என்று சொல்லும் வெள்ளச் சதுப்புகளிலும் குளங்களின் அலைகரையிலும். அவை சம்பையும் கோரையையும் கடித்து, மிதித்து, உழக்கி வைக்கும் இடத்தில்தான் திறந்த தண்ணீர் மிஞ்சுகிறது. அவை போனால் புல் தண்ணீரை மூடிவிடும்.

இது ஊகம் இல்லை, நடந்து பார்த்த விஷயம். இந்தியாவின் பரத்பூர் கேவலாதேவ் ஈரநிலம் 1982இல் தேசியப் பூங்கா ஆனதும், சுற்றுக் கிராமங்களின் எருமைகளுக்கு உள்ளே தடை போட்டார்கள். எதிர்த்த கிராமத்தவர் மீது பொலிஸ் துப்பாக்கிச்சூடு நடத்தி உயிர்கள் போயின. எருமை போன பிறகு தண்ணீர்ப்புல் மளமளவென்று வளர்ந்து, ஆழமற்ற நீர்ப்பரப்புகளை அடைத்தது. பறவைகளுக்கு இறங்க இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 10 வருடம் அங்கே ஆய்வு செய்துவிட்டு, மேய்ச்சல் தடை பறவைகளுக்கே கெடுதல் என்ற முடிவுக்கு வந்தது. தடை வேண்டும் என்று முன்பு சொன்னவர்களின் கழகமும் அதேதான். பறவையைக் காக்க ஆட்களைச் சுட்டு, கடைசியில் பறவைக்கும் உதவாமல் போன அந்தக் கதையை, மேய்ச்சல் தரைச் சண்டை ஓயாத நமது கிழக்கு மாகாணத்தில் ஒவ்வொரு அதிகாரியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அளவுக்கு மீறி மேய்ந்தாலும் கெடுதல்தான். தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக்கும் ஆலாவுக்கும் மாட்டுக் குளம்பு எமன். எத்தனை மாடு, எந்த மாதம் என்று பட்டிக்காரரோடு உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியைத் துரத்துவது சுலபம், பேசுவதுதான் கஷ்டம்.

சரி, உப்பளத்துக்குத் திரும்புவோம். உப்பு விளைவது படிப்படியாக. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு இருக்கும். அதை முதலில் பெரிய தேக்கங்களில் விடுவார்கள். அங்கே மீன் குஞ்சுகள் உண்டு, ஆகவே கொக்கும் கூழைக்கடாவும் வரும். வெயிலில் வற்றி உப்பு ஏறியதும் அடுத்த பாத்திகளுக்கு மாற்றுவார்கள். அந்தக் காரத்தில் மீன் தாங்காது. ஆனால் உப்பு இறாலும் உப்பு ஈயின் புழுக்களும் தின்ன மீன் இல்லாத சந்தோஷத்தில் கோடிக்கணக்கில் பெருகும். உள்ளான்களும் பூநாரைகளும் தேடும் சாப்பாடு இதுதான். கடைசியாக உப்பு படியும் பாத்தியில் எதுவும் வாழாது. ஓர் உப்பளத்தில் பறவைக்குப் பயன்படுவது நடுவில் உள்ள பாத்திகளும், ஆள் நடமாட்டம் குறைந்த வரம்புகளும். அந்த வரம்புகளில் சிலவற்றைச் சித்திரை முதல் ஆவணி வரை வண்டில் போகாமல் விட்டால் போதும். உற்பத்தியில் ஒரு மூட்டையும் குறையாது. கட்டாக்காலி நாய்கள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம். வேலியைவிட, மீன் கழிவையும் சோற்றுப் பொதியையும் வெளியே எறியாமல் இருப்பதுதான் நாயையும் காகத்தையும் தூரத்தில் வைக்கும்.

களப்புகளில் கதை வேறு. கொக்கிளாய், இறக்கக்கண்டி, உப்பாறு, தம்பலகாமக் குடா எல்லாவற்றிலும் பறவையும் மீனவனும் ஒரே மீனுக்குப் போட்டி. நீர்க்காகக் கூட்டம் வந்துபோன வலையைப் பார்த்தவருக்கு அதன் மேல் அன்பு வராது. மறுபக்கம், சட்டப்படி தடையான தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. மூழ்கி மீன் பிடிக்கும் பறவை அதில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். வலையும் கிழியும். அறுந்து விடப்பட்ட வலை கண்டல் வேரில் தொங்கி மாதக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்கும். அந்த வலையை வேண்டாம் என்று மீனவர் சங்கங்களே கேட்பதற்கு வேறு காரணம் உண்டு: குஞ்சு மீனையும் அது வாரிவிடுகிறது. இங்கே பறவையின் நலனும் மீனவரின் நலனும் ஒரே பக்கம் நிற்கின்றன. கூட்டுறவு என்று பேசுபவர்கள் தொடங்க வேண்டிய இடம் இது. அன்பில் தொடங்கினால் நிற்காது.

கண்டல் விஷயத்தில் ஊருக்கு ஏற்கனவே பழக்கம் இருக்கிறது. 2015இல் நாட்டின் கண்டல் காடு முழுவதையும் பாதுகாப்பது என்று அரசும் சிலாபத்தைச் சேர்ந்த சுதீச அமைப்பும் அமெரிக்காவின் சீகொலஜி என்ற சூழல் அமைப்பும் சேர்ந்து ஒரு திட்டம் அறிவித்தன. களப்போரம் உள்ள 1,500 சமூகங்களில் 15,000 பெண்களுக்குச் சிறு கடனும் தொழிற்பயிற்சியும் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் கண்டலைப் பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. 2024இல் இலங்கையின் கண்டல் மீளமைப்பை ஐக்கிய நாடுகள் சபை உலக அளவிலான முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. நல்ல செய்தி. ஆனாலும் கண்டல் நடுவதில் பறவைக்கு ஒரு பொறி இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஆளாளுக்குக் கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வு ஒன்று 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பொருந்தாத இடத்தில், பொருந்தாத ஆழத்தில் நட்டது முக்கிய காரணம். வெறும் சேற்றுத் திடலைக் கண்டால் "சும்மா கிடக்கிற இடம்" என்று நினைத்துக் கன்று ஊன்றிவிடுகிறோம். அது சும்மா கிடக்கும் இடம் இல்லை. கொசு உள்ளானின் சாப்பாட்டு மேசை. கன்று பிழைத்தால் பறவைக்கு இடம் போச்சு, பிழைக்காவிட்டால் காசு போச்சு. நடுவதற்கு முன் பழைய ஆட்களிடம் "இங்கே முன்பு கண்டல் நின்றதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பிழை குறையும்.

புறாத்தீவைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, எழுதுவது பெரும்பாலும் பவளப்பாறையையும் சுறாவையும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம், படகில் சில நிமிடம். பெயர் கொடுத்த மாடப்புறாக்களை வந்து போகிறவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள் தெரியாது. உலகத்துக் கோவில் கோபுரங்களிலும் சந்தைக் கூரைகளிலும் இருக்கும் புறாக்களுக்கெல்லாம் மூதாதை இந்தப் பாறைப் புறாதான். வீட்டுப் புறாவோடு கலக்காத காட்டு வம்சம் இலங்கையில் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் இந்தத் தீவு ஒன்று. ஆங்கிலேயர் காலத்தில் இதைச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். அதையும் தாங்கிய பறவை இப்போது தாங்க வேண்டியிருப்பது மீன் பொரியல் வாசனையை. சோற்றுப் பொதியின் மிச்சத்துக்குக் காகம் வரும், வந்த காகம் பாறை இடுக்கில் முட்டை தேடும். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் விதிகளைவிட, "அண்ணே, பொதிய இஞ்ச வச்சிட்டு வாங்கோ" என்று படகுக்காரத் தம்பி ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும். சுழியோட வருகிறவர்களை நம்பித்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது. அவனுக்குப் புரியவைக்க வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஊரில் யாரும் வெளிப்படையாக மேடையில் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். "இந்த இடத்தைப் பறவைகளுக்காகப் பாதுகாக்கப் போகிறோம்" என்று கேட்டதும் எங்கள் பக்கத்து மனிதருக்கு முதலில் வருவது பயம். காணி போகப் போகிறது என்ற பயம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது, தங்கள் பழைய வயலிலும் மேட்டுக்காணியிலும் காடு என்று நட்ட எல்லைக் கல்லைக் கண்டவர்கள் தமிழரிலும் இருக்கிறார்கள், முஸ்லிம்களிலும் இருக்கிறார்கள். காடு பற்றிய வாக்கு பொய்த்த இடத்தில் கொக்கு பற்றிய வாக்கை யார் நம்புவார்? சட்டப்படி சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், பரம்பரைத் தொழிலும் நடக்கலாம். தேசியப் பூங்காதான் அனுமதியோடு மட்டும் நுழையும் இடம். இந்த வித்தியாசத்தைத் தமிழில், கிராமத்துக்குப் போய் விளக்கிச் சொன்னவர்கள் குறைவு. காணி உரித்துக்கு ஒரு பதில் இல்லாமல் சமூகப் பங்காளித்துவம் என்று எத்தனை செயலமர்வு வைத்தாலும் மதியச் சாப்பாட்டோடு அது முடிந்துவிடும்.

பங்காளித்துவம் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ் ஊரிலேயே பழைய சாட்சி இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர் கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டு, 1798இல் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கூடு கட்டிய பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. இரண்டு இடத்திலும் முதலில் முடிவெடுத்தது ஊர். அரசாங்கம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

கணக்கெடுப்பிலும் ஊருக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987இல் தொடங்கியது. மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று 2021இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனது நமக்குத் தெரிவது இப்படியான வேலைகளால்தான். ஆனால் படிவம் ஆங்கிலத்தில், கையேடு ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். தமிழில் கிடைக்கும் பறவைப் பெயர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு நூல்களில் இருந்து வந்தவை. நானும் இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்திருக்கிறேன். கிண்ணியா மீனவரிடம் "கருவால் மூக்கன்" என்றால் முழிப்பார். அவரிடம் வேறு பெயர் இருக்கும், அதை நாம் கேட்டதில்லை. தம்பலகாமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் அப்பப்பாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வந்தால், ஒரே தவணையில் ஒரு நல்ல பட்டியல் சேர்ந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கலாம்.

போன பங்குனியில் தம்பலகாமத்தில் வயல் செய்யும் உறவுக்கார அண்ணன் ஒருவரிடம், அறுவடைக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீரை நிற்க விட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் உடனே மறுத்தார். "வெட்டு மெசின் இறங்கிற அண்டைக்கு வயல் காஞ்சிருக்கோணும். புதைஞ்சா இழுத்து எடுக்கிற செலவை உன்ர கொக்கே தரும்?"

பிறகு அவராகவே வரம்பில் ஏறி நின்று கிழக்கே கையைக் காட்டினார். "அந்தப் பள்ளக் கண்டத்தைப் பார். அதுக்குள்ள மெசின் ஒருநாளும் இறங்காது. ஆள் வச்சுத்தான் வெட்டுறது. அது நிண்டாப் பரவாயில்லை."

அரை ஏக்கர்கூட இருக்காது. அரிவாளால் வெட்டிய தாள்களுக்கு நடுவே தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அதில் ஏற்கனவே நான்கைந்து உள்ளான்கள் அலகால் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன.